இறக்கைகளின் காலம் – 14: இடப்பக்கம் சிங்கப்பூர்

போன வாரம் கான்கார்டை நியூயார்க் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். இரைச்சல் வழக்குகள் ஓய்ந்து, 1977 நவம்பர் 22-ஆம் தேதி லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கென்னடி விமான நிலையத்துக்கு வாடிக்கைச் சேவை தொடங்கியது. அதற்குப் பதினேழு நாள் கழித்து, டிசம்பர் 9-ஆம் தேதி, இன்னொரு கான்கார்டு லண்டனிலிருந்து நேர் எதிர்த்திசையில் கிளம்பியது. பஹ்ரைனில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து சிங்கப்பூர்.

ஓடுதளத்துக்கு வலப்பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு அது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். இடப்பக்கம் நின்றவர்களுக்கு அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். இரண்டு பேரும் சத்தியம் பண்ணலாம். மூக்கிலிருந்து வால்வரை நடுவில் வகிடு எடுத்தாற்போல் ஒரு பாதிக்கு ஒரு கம்பெனியின் வர்ணம், மறு பாதிக்கு இன்னொரு கம்பெனியின் வர்ணம். இடப்பக்கத்தில் ஜன்னல் வரிசையை ஒட்டிக் கருநீலமும் மஞ்சளுமாகக் கோடுகள், வாலில் சிங்கப்பூரின் பொன்னிறப் பறவை. வலப்பக்கத்தில் பிரிட்டிஷ் சிவப்பும் நீலமும். பதிவெண் ஜி-பிஓஏடி. விமானிகள் பேச்சில் 'ஆல்ஃபா டெல்டா'. இந்த வாரக் கதை அதனுடையது.

சிங்கப்பூருக்கு இடப்பக்கம் கிடைத்ததில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு. பயணிகள் ஏறி இறங்கும் கதவுகள் எல்லா விமானத்திலும் இடப்பக்கம்தான். முனையக் கட்டடத்தைப் பார்த்து நிற்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். வலப்பக்கக் கதவு வழியாகப் போவது சாப்பாட்டுத் தட்டுகளும் குப்பை மூட்டைகளும். ஆக, லண்டனிலேயே ஒரு பிரிட்டிஷ் கனவான் பிரிட்டிஷ் விமானத்தில் ஏறும்போது, சிங்கப்பூர் என்று எழுதிய சுவருக்குள்தான் குனிந்து நுழைய வேண்டியிருந்தது.

வர்ணம் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கான்கார்டுக்கு இஷ்டம்போல் வர்ணம் பூச முடியாது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் மூக்கு நுனி 127 டிகிரி செல்சியஸ்வரை சூடேறும். உடம்பெல்லாம் அதற்குச் சற்றுக் குறைவு. வெயிலை வேறு உறிஞ்சாமல் இருக்க வேண்டுமே என்றுதான் அதற்கு அந்தப் பளிச்சென்ற வெள்ளை. பின்னாளில், 1996-ல், ஒரு குளிர்பான விளம்பரத்துக்காக ஏர் பிரான்ஸின் கான்கார்டு ஒன்றுக்கு உடம்பு முழுக்க நீலம் பூசினார்கள். உச்ச வேகத்தில் 20 நிமிஷத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று அதற்குக் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வர்ணத் திட்டம் பெரும்பாலும் வெள்ளை. அந்த வகையில் பொருத்தம் சரியாகவே அமைந்தது.

ஒரு குட்டித் தீவின் விமானக் கம்பெனிக்கு, அதுவும் தொடங்கி ஐந்தே வருஷமான கம்பெனிக்கு, உலகத்திலேயே நவீனமான பயணிகள் விமானத்தின் பாதி உடம்பு எப்படிக் கிடைத்தது? அதற்கு ஒரு பாகப்பிரிவினையைச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகும் இரண்டு நாட்டுக்கும் ஒரே விமானக் கம்பெனிதான் இருந்தது: மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சுருக்கமாக எம்எஸ்ஏ. அண்ணன் தம்பி பிரிந்த பிறகும் ஒரே அடுப்பில் பொங்கின மாதிரி. உள்நாட்டு ஊர்களுக்கெல்லாம் விமானம் விட வேண்டும் என்பது மலேசியாவின் தேவை. சிங்கப்பூருக்கு உள்நாடு என்று ஒன்று கிடையாது, கிளம்பினால் வெளிநாடுதான். 1972 செப்டம்பர் முடிவோடு அடுப்பும் பிரிந்தது. சொத்தைவிடப் பெயருக்கு நடந்த இழுபறிதான் சுவாரஸ்யம். எம்எஸ்ஏ என்ற மூன்றெழுத்துக்கு உலகச் சந்தையில் நல்ல மதிப்பு இருந்தது. மலேசியா கடைசி இரண்டு எழுத்தை மட்டும் இடம் மாற்றி எம்ஏஎஸ் ஆனது. சிங்கப்பூர் அந்த மூன்றெழுத்தை விட மனசில்லாமல் 'மெர்க்குரி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்' என்று வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்துப் பார்த்து, கடைசியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று நின்றது. கையில் 10 விமானம். 18 நாடுகளில் 22 ஊர்கள். தலைவராக வந்தவர் ஜே.ஒய். பிள்ளை என்ற ஜோசப் யுவராஜ் பிள்ளை. மலாயாவின் கிள்ளானில் பிறந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பொறியியல் படித்து, சிங்கப்பூர் அரசுப் பணிக்கு வந்தவர். 1996 வரை அந்த நாற்காலியில் இருந்தார். மிகப் பின்னால், 2017-ல், சில நாட்கள் சிங்கப்பூரின் தற்காலிக அதிபராகவும் இருந்தார்.

சிங்கப்பூர் கான்கார்டை முதலில் பார்த்தது 1972 ஜூனில். பிரிட்டனின் சோதனை விமானமான 002, பெண் பார்க்கும் படலம்போல, மத்தியக் கிழக்கு, ஆசியா, ஆஸ்திரேலியா என்று ஒரு மாதம் சுற்றி வந்தது. டெஹ்ரான், பம்பாய், பாங்காக், சிங்கப்பூர், டோக்கியோ, சிட்னி. போன இடமெல்லாம் கூட்டம் கூடியது, படம் பிடித்தார்கள், காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆர்டர் மட்டும் வரவில்லை. ஏற்கெனவே பெயர் கொடுத்து வைத்திருந்தவர்களும் நழுவத் தொடங்கினார்கள். 1973 ஜனவரி 31-ல் பான் ஆம், டிடபிள்யூஏ இரண்டும் ஒரே நாளில் கை கழுவின. ஏர் இந்தியாகூட ஒரு காலத்தில் இரண்டு கான்கார்டுக்கு இடம் பிடித்து வைத்திருந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. அதுவும் போயிற்று. அதே வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்தது. கடைசியில், செய்த 20 விமானங்களில் சேவைக்கு என்று தேறியது 14. ஏழு பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு, ஏழு ஏர் பிரான்ஸுக்கு. இரண்டும் அரசாங்கக் கம்பெனிகள், வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளைகள்.

கையில் விமானம் இருக்கிறது, போக ஊர் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் நிலை அதுதான். 1976 ஜனவரி 21-ல் முதல் சேவையைத் தொடங்கியபோது அவர்களுக்குக் கிடைத்த ஊர் பஹ்ரைன் மட்டும். மே மாதம் வாஷிங்டன் சேர்ந்தது. பஹ்ரைனுக்குப் பறந்து பறந்து யார் பிழைப்பது? அது வழியில் வரும் சத்திரமே தவிர சேருமிடம் இல்லை. அதைத் தாண்டிப் போக வேண்டும், தாண்டினால் சிங்கப்பூர். அங்கே இறங்க சிங்கப்பூரின் சம்மதம் வேண்டும், அந்தப் பக்கத்துப் பயணிகளைப் பிடிக்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் விற்பனைக் கைகளும் வேண்டும். சிங்கப்பூருக்கோ, உலகம் முழுக்கப் பேசும் விமானத்தில் தன் பெயர் இருந்தால் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. விமானத்தை விலைக்கு வாங்காமலே அது கிடைக்கும் என்றால் கசக்குமா?

ஏற்பாடு இப்படி. விமானம் பிரிட்டிஷ் ஏர்வேஸுடையது. ஓட்டுவதும் அவர்கள் விமானிகளே. உள்ளே உபசரிப்பதில் இரண்டு கம்பெனிக்கும் பங்கு. பாரிஸின் பியர் பால்மான் வடிவமைத்த சரோங் கெபாயாவில் சிங்கப்பூர்ப் பணிப்பெண்கள் கான்கார்டின் நடைவழியில் நடந்தார்கள். வாரத்துக்கு மூன்று சேவை. இரண்டு தாவலில் ஏறத்தாழ 9 மணி நேரப் பறப்பு. ஜம்போவில் போகிறவர் அந்த நேரத்தில் பாதி வழியைக் கொஞ்சம் தாண்டியிருப்பார்.

அந்த நடைவழியைப் பற்றி நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கான்கார்டு வெளியிலிருந்து பார்க்கத்தான் கம்பீரம். 62 மீட்டர் நீளம், உள்ளே அகலம் இரண்டரை மீட்டர் சொச்சம். பக்கத்துக்கு இரண்டு இருக்கை, நடுவில் ஒரு சந்து, 25 வரிசை, 100 பேர். நல்ல உயரமானவர் கதவில் தலை இடிக்காமல் நுழைய முடியாது. ஜன்னல்கள் உள்ளங்கை அகலம். அதில் கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். வெளியே உறைபனியைவிடக் கடுங்குளிர், இருந்தும் உரசலின் சூடு உள்ளே கசியும். முன் தடுப்பில் ஓர் எண்பலகை வேகத்தை மாக் கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கும். 0.95-ஐத் தாண்டி ஒலிவேகத்தைக் கடக்கப் போகும் சமயம் விமானி என்ஜின்களின் பின்னெரிப்பை இரண்டிரண்டாகப் போடுவார். இருக்கையில் சாய்ந்திருக்கும் முதுகில் மெல்ல ஒரு தள்ளு, கொஞ்ச நேரத்தில் இன்னொரு தள்ளு. அவ்வளவுதான். எண்பலகையில் 1.00 வரும், 2.00 வரும். கோப்பையில் இருக்கும் ஷாம்பெயின் தளும்பாது.

தளும்பாமல் இருப்பதற்குப் பின்னால் விமானியறையில் ஒருவர் குடம் குடமாக நீர் இறைப்பது மாதிரி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். பொறியாளர். வேகம் கூடக் கூட விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையின் மையம் பின்னுக்கு நகரும். அதற்கு ஈடாக எடையையும் பின்னுக்கு நகர்த்தாவிட்டால் மூக்கு கவிழும். தோணியில் ஆள் இடம் மாறி உட்காருவதுபோல, ஆனால் இங்கே இடம் மாறுவது டன் கணக்கில் எண்ணெய். முன் தொட்டியிலிருந்து வால் தொட்டிக்குக் குழாய் வழியாகப் போகும், வேகம் குறையும்போது திரும்பி வரும். அவர் பக்கத்துக் கருவிப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே தரையில் இருக்கும்போது தாள் நுழையாது. உச்ச வேகத்தில் உடம்பு சூட்டில் நீண்டுவிடுவதால் அங்கே கை நுழையும் அளவு இடைவெளி திறக்கும். இறங்கும்போது தானாக மூடிக்கொள்ளும்.

இத்தனை சாமர்த்தியமும் லண்டனிலிருந்து கிளம்பும்போது பயன்படாது என்பதுதான் வேடிக்கை. ஐரோப்பாவின் தலைக்கு மேல் யாரும் வெடியோசையைச் சகிக்கத் தயாராக இல்லை. எனவே வெனிஸ்வரை சாதாரண விமானம்போல் நல்ல பிள்ளையாகப் போய், ஏட்ரியாட்டிக் கடலைத் தொட்ட பிறகுதான் காலை மிதிக்கலாம்.

வெடியோசை என்றால் ஒலிவேகத்தைக் கடக்கும் அந்த ஒரு நொடியில் கேட்கும் ஒரே ஒரு 'டமார்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. படகு போகும்போது இரு பக்கமும் விரிந்து பின்னாலேயே வரும் அலையைப் பார்த்திருப்பீர்கள். கரையில் நிற்பவன் காலை அது எப்போது நனைக்கும்? படகு அவனைத் தாண்டிய பிறகு. அடுத்து நிற்பவனை அதற்குச் சற்றுப் பிறகு. படகு ஓடுகிற வரை அலையும் ஓடும். கான்கார்டு 18 கிலோமீட்டர் உயரத்தில் போகும்போது தரையில் இப்படி 80 கிலோமீட்டருக்குக் குறையாத அகலத்தில் ஒரு பாயை விரித்துக்கொண்டே போகிறது. வழி நெடுக அந்தப் பாயின் கீழ் இருப்பவர்கள் எல்லோருக்கும் தலைக்கு ஒரு வெடி.

சிங்கப்பூருக்கு மேற்கேயிருந்து வருகிறவன் மலாக்கா நீரிணை வழியாகத்தான் வர வேண்டும். ஒரு பக்கம் மலாயா, மறுபக்கம் சுமத்ரா. வடக்கே அகலமாகத் தொடங்கும் நீரிணை தெற்கே போகப் போகக் குறுகி, அந்தப் பாயைவிடச் சின்னதாகிவிடும்.

டிசம்பர் 9-ல் தொடங்கிய சேவை மூன்றே மூன்று முறை போய்வந்தது. அதற்குள் மலேசியா தன் வான்வெளியில் கான்கார்டு ஒலியை மிஞ்சிப் பறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. சொன்ன காரணம் சுற்றுச்சூழல், இரைச்சல். மேலே சொன்ன நீரிணைக் கணக்கைப் பார்த்தால் அதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அன்றைக்குப் பேசிக்கொண்ட காரணம் வேறு. எம்ஏஎஸ் லண்டனுக்குக் கூடுதல் சேவை கேட்டு வந்தது, பிரிட்டன் இழுத்தடித்தது. 'என் விமானத்துக்கு உன் ஊரில் இடமில்லை என்றால், உன் விமானத்துக்கு என் வானத்தில் வழியில்லை.' இதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். விமான உரிமைப் பேச்சுகளின் மொழியே அப்படி. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. போதாக்குறைக்கு, அந்த விமானத்தின் இடப்பக்கத்தில் இருந்தது ஐந்து வருஷம் முன்பு பாகம் பிரித்துக்கொண்டு போன தம்பியின் பெயர்.

1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் விதியே இதுதான்: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலுள்ள வானம் முழுச் சொந்தம். கான்கார்டைக் கட்டியவர்கள் உலோகச் சூட்டைக் கணக்கிட்டார்கள், எண்ணெய் நகர்வைக் கணக்கிட்டார்கள். இந்த ஒரு விதிக்குத்தான் அவர்களிடம் கணக்கு இல்லை.

பாதிப் பாதி வர்ணம் பூசிய விமானத்துக்குச் சிங்கப்பூர் வழி அடைபட்டது. பதிமூன்று மாதம் கோலாலம்பூர், லண்டன், சிங்கப்பூர் என்று பேச்சு நடந்தது.

அந்த இடைவெளியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ன செய்தது என்று பார்ப்பது முக்கியம். 1978-ல் பிள்ளையின் கம்பெனி போயிங்கிடம் ஏறத்தாழ 90 கோடி அமெரிக்க டாலருக்கு ஜம்போக்களும் 727-களும் ஆர்டர் செய்தது. பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. இருபது லட்சத்துச் சொச்சம் மக்கள் தொகை உள்ள ஊருக்கு இத்தனை விமானமா என்றார்கள். என் பார்வையில் இந்தக் கதையின் மையமே இங்கேதான் இருக்கிறது. கான்கார்டின்மீது சிங்கப்பூர் போட்டது வர்ணம். ஜம்போவின்மீது போட்டது பணம். ஊர் வாயை மெல்ல வைக்க எது வேண்டும், ஊரைச் சுமக்க எது வேண்டும் என்று அவர்களுக்குத் தெளிவு இருந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் 1962-ல் ஒப்பந்தமே போட்டன.

1979 ஜனவரி 24-ல் சேவை மறுபடி தொடங்கியது. மலாக்கா சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் வழியில் இன்னொருவர் குறுக்கே படுத்திருந்தார். நாம்தான்.

பஹ்ரைனிலிருந்து சிங்கப்பூருக்கு உலக உருண்டையின் மேல் ஒரு நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது மும்பைக்குத் தெற்கே கொங்கண் கரையில் ஏறி, தக்காணத்தைக் குறுக்காக வெட்டி, நெல்லூர்ப் பக்கம் வங்கக் கடலில் இறங்கும். அந்த நூலின் கீழே இருப்பது ஐரோப்பாவின் சில நாடுகளை விழுங்கும் மக்கள் கூட்டம். இந்தியா தன் நிலத்தின்மேல் ஒலியை மிஞ்சிப் பறக்கச் சம்மதிக்கவில்லை. லண்டனும் பாரிஸும் தங்கள் ஊர் மேல் வேண்டாம் என்று சொன்னதைத்தான் தில்லியும் சொன்னது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மெதுவாகப் போய்த் தொலைக்கலாமே என்றால், கான்கார்டுக்கு அதுவும் ஆகாது. நிதானமாக ஓட்டினால் காருக்குப் பெட்ரோல் மிச்சமாகும். கான்கார்டின் இறக்கையும் என்ஜினும் மாக் 2-க்காகவே செதுக்கியவை. வேகத்தைக் குறைத்தால் கிலோமீட்டருக்கு ஆகும் எண்ணெய் குறையாது, நேரமும் போகும். ஆகவே கடல் மேலேயே சுற்றி வர வேண்டும்: ஓமான் வளைகுடா, அரபிக் கடல், குமரிமுனைக்கும் இலங்கைக்கும் தெற்கே வளைந்து பிறகு கிழக்கே. நேர்க்கோட்டில் 6,300 கிலோமீட்டர். சுற்றினால் 6,600-ஐ எட்டும். கேட்க முன்னூறுதானே என்று தோன்றும். லண்டனிலிருந்து நியூயார்க் 5,550 கிலோமீட்டர்தான் என்பதையும், கான்கார்டின் தொட்டி 95 டன்னோடு முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த முன்னூறு எவ்வளவு பெரிய முன்னூறு என்று புரியும். விமானம் எட்டக்கூடிய தூரத்தின் விளிம்பு அது.

ஒரே ஓர் ஆறுதல், குளிர். பூமத்திய ரேகைப் பக்கம் தரையில்தான் புழுக்கம். 16, 17 கிலோமீட்டர் மேலே போனால் ஐரோப்பாவின் மேலிருப்பதைவிட அதிகக் குளிர், மைனஸ் 80 டிகிரிக்குப் பக்கத்தில். சூட்டுக்குப் பயந்து பறக்கும் விமானத்துக்கு இதைவிட இதமான காற்று கிடையாது. அட்லாண்டிக்கில் எப்போதாவது எட்டும் உயரத்தை இங்கே சுலபமாக எட்டலாம்.

எண்ணெய் விஷயத்தில் நேரம் சரியில்லை. சேவை மறுபடி தொடங்கியதற்கு எட்டு நாள் முன்புதான், 1979 ஜனவரி 16-ல், ஈரானின் ஷா நாட்டை விட்டு வெளியேறினார். அடுத்த ஒன்றரை வருஷத்தில் எண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கான்கார்டு 100 பேருக்காகக் குடிக்கும் எண்ணெயை வைத்து ஜம்போ ஏறக்குறைய நானூறு பேரைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விடும். விலை குறைவாக இருந்தபோதே உறுத்திய கணக்கு அது.

ஆளும் சேரவில்லை. ஏன் என்று யோசித்தபோது ஒரு கடிகாரக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது சிங்கப்பூர் நேரம் லண்டனைவிட ஏழரை மணி நேரம் முன்னால் (எட்டு ஆனது 1982-ல்). லண்டனில் நடுப்பகலில் ஏறுகிறவர் 9 மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே விடியற்காலை நாலரை. தரையில் நின்ற நேரத்தைச் சேர்த்தால் சூரியன் வந்துவிடும். எந்த அலுவலகம் திறந்திருக்கும்? ஜம்போவில் தூங்கிக்கொண்டே வந்தவனும் அன்றைக்குக் காலையிலேதான் வேலைக்குப் போவான். திரும்பும்போது கதை மாறும். சிங்கப்பூரில் நடுப்பகலில் ஏறினால் லண்டன் கடிகாரப்படி அதே நாள் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். அந்த வித்தைக்குத்தான் காசு கொடுக்கலாம். ஆனால் நியூயார்க்கில் போகவர இரண்டு பக்கமும் லாபம். காலையில் போய் வேலையை முடித்துவிட்டு ராத்திரிக்கு வீடு திரும்புகிற அளவுக்கு லாபம். அங்கே வங்கிக்காரர்களும் நடிகர்களும் திரும்பத் திரும்ப ஏறினார்கள். சிங்கப்பூர் வழியில் அப்படித் தினசரி முளைக்கும் கூட்டம் அன்றைக்கு இல்லை. வந்தவர்களில் பலர் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர்கள்தான் என்று நினைக்கிறேன். ஒருமுறை வருகிறவரை வைத்து விமானம் ஓட்ட முடியாது.

1980 நவம்பர் 1-ஆம் தேதியோடு சேவை நின்றது. சிங்கப்பூரோடு சேர்த்துப் பஹ்ரைனும் போயிற்று. மறு தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் இருபத்தொரு மாதம். வந்து இறங்கிக்கொண்டிருந்த பாய லேபார் நிலையமும் அதற்குப் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. எட்டு மாதத்தில், 1981 ஜூலையில், சாங்கி திறந்தது. பாய லேபார் ராணுவத்தின் கைக்குப் போனது. சாங்கியின் பளபளப்பான கூடங்களில் கான்கார்டுக்காகக் காத்திருக்கும் வாய்ப்பு சிங்கப்பூர்ப் பயணிக்குக் கிடைக்கவேயில்லை. அதற்கு அடுத்த வருஷமும் பிறக்க, ஏர் பிரான்ஸும் ரியோ, கராகஸ் சேவைகளை மூடியது. உலகைச் சுற்றப் பிறந்த விமானம் அட்லாண்டிக் குளத்துக்குள் அடங்கிப்போனது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதற்காக அழுததாகத் தெரியவில்லை. ஜம்போக்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. பல வருஷம் கழித்து, 2007 அக்டோபரில், உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏ380-ஐ முதலில் சேவையில் விட்டதும் இதே கம்பெனிதான். அதன் இரண்டு பக்கமும் சிங்கப்பூரின் வர்ணமே இருந்தது.

ஆல்ஃபா டெல்டாவின் இடப்பக்கத்தை மறுபடி பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அது ஜோராக வாழ்ந்தது. 1996 பிப்ரவரி 7-ல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிஷம் 59 விநாடியில் பறந்தது. பயணிகள் விமானம் எதுவும் அந்த நேரத்தை இன்றுவரை முறியடிக்கவில்லை. கான்கார்டுகளிலேயே அதிக நேரம் பறந்ததும் இதுவே, 23,000 மணி நேரத்துக்கு மேல். 2003-ல் எல்லாக் கான்கார்டுகளும் ஓய்ந்தபோது நியூயார்க்கில் பழைய விமானந்தாங்கிக் கப்பலான இன்ட்ரெப்பிட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலைப் பழுது பார்க்கும் காலத்தில், 2008-ல், புரூக்ளினில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அங்கே ஒரு லாரி வந்து அந்தப் புகழ்பெற்ற மூக்கில் இடித்துவிட்டது. மாக் 2-ல் ஆயிரக்கணக்கான முறை காற்றைக் கிழித்த மூக்கு. பிறகு சரிசெய்து, இப்போது ஹட்சன் ஆற்றங்கரையில் நிற்கிறது.

ஒன்று விட்டுப்போயிற்று. சிங்கப்பூர் சேவை மறுபடி தொடங்கிய அதே 1979 ஜனவரியில், பன்னிரண்டு நாள் முன்னதாக, அமெரிக்காவுக்குள்ளும் ஒரு கான்கார்டு சேவை தொடங்கியிருந்தது: வாஷிங்டனிலிருந்து டாலஸ். நடத்தியது டெக்ஸாஸின் பிரானிஃப் கம்பெனி. அமெரிக்காவுக்குள் அமெரிக்கக் கம்பெனி ஓட்டுகிற விமானம் அமெரிக்க விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிரிட்டிஷ் பதிவெண்களை மாற்றினார்கள். ஆல்ஃபா டெல்டாவுக்கும் புதிய பெயர்: ஜி-என்94ஏடி. வாஷிங்டனில் இறங்கியதும் முன்னாலிருக்கும் 'ஜி'-யை மறைத்துவிட்டால் மிச்சமிருப்பது கச்சிதமான அமெரிக்கப் பதிவெண். வலப்பக்கம் லண்டன், இடப்பக்கம் சிங்கப்பூர், காகிதத்தில் டெக்ஸாஸ். அந்த 'ஜி'-யை ஒட்டுநாடாவால் மறைத்து மறைத்துத் திறந்தவர்களின் கதை அடுத்த வாரம்.